க்ரோம்புக்கில் டெஸ்க்டாப் மென்பொருளும் கேமும்: எதை நம்பி வாங்கலாம்?

க்ரோம்புக் (கூகுளின் க்ரோம்ஓஎஸ் இயங்குதளத்தோடு வரும் லேப்டாப்) என்றாலே பிரவுசர் மட்டும்தான் ஓடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2011-இல் முதல் க்ரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தபோது அது சரியான பேச்சுதான். 2016-இல் ஆண்ட்ராய்டு ஆப்களுக்கும் 2018-இல் லினக்ஸ் மென்பொருள்களுக்கும் கூகுள் வழி திறந்துவிட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்று கிம்ப், இன்க்ஸ்கேப், லிப்ரெஆபிஸ், ஆடாசிட்டி, விஎஸ் கோட் எல்லாம் தனித்தனி ஜன்னலில், கீழே ஷெல்ஃபில் சொந்த ஐகானோடு ஓடுகின்றன. கேம் விஷயம் அப்படியில்லை. அங்கே எந்த கேம், எந்த வழியாக என்று தெரிந்துகொண்டு இறங்காவிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளுக்காக வாங்குகிறீர்கள் என்றால், இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள க்ரோம்புக்கைத் தயங்காமல் வாங்கலாம். கேம்தான் முதல் தேவை என்றால் க்ரோம்புக் வேண்டாம். அதே பணத்துக்குச் சாதாரண லேப்டாப் வாங்கி, அதில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நேரடியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது க்ரோம்ஓஎஸ் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

க்ரோம்ஓஎஸ்ஸே லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) மேல் நிற்பதுதான். ஆனாலும் நீங்கள் இன்ஸ்டால் செய்யும் மென்பொருளை அது தன் பக்கத்தில் நேரடியாக ஓட விடுவதில்லை. முதலில் டெர்மினா என்ற விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி. அதற்குள் பெங்குயின் என்ற கண்டெய்னர், அதாவது தனியே பிரித்துவைத்த ஒரு பகுதி. பெங்குயினுக்குள் இருப்பது டெபியன் லினக்ஸ். மென்பொருள் வரைகிற ஜன்னலை சொம்மெலியர் என்ற இடைநிரல் வாங்கி க்ரோம்ஓஎஸ் திரைக்கு அனுப்புகிறது. கிராபிக்ஸ் சிப்பிடம் போக வேண்டிய ஓப்பன்ஜிஎல் (படம் வரையச் சொல்லும்) கட்டளைகள் விர்ஜில் என்ற டிரைவர் வழியாக விர்ச்சுவல் மெஷினைத் தாண்டிப் போகின்றன.

இந்த அமைப்பால் கிடைக்கும் பெரிய லாபம் பாதுகாப்பு. லினக்ஸ் பக்கம் எதையாவது போட்டுக் குழப்பிவிட்டால் க்ரோம்ஓஎஸ்ஸுக்கு ஒரு கீறலும் விழாது. லினக்ஸை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். நஷ்டம் மூன்று. ரேம் இரு பக்கமும் பங்கு போகிறது. கிராபிக்ஸ் வேகம் வழியிலேயே கணிசமாகத் தேய்கிறது. கர்னல் மாட்யூல் கேட்கும் எதுவும் ஓடாது, அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியான மென்பொருளை மறந்துவிட வேண்டியதுதான். டாக்கர் ஓடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

ப்ராசஸரின் குடும்பம்தான் முதல் கேள்வி. மீடியாடெக் கொம்பேனியோ, ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் சிப் உள்ள க்ரோம்புக்குகளில் பேட்டரி நன்றாக நிற்கும், விசிறிச் சத்தம் இருக்காது. டெபியனின் இலவச மென்பொருள் களஞ்சியத்தில் உள்ள கிம்ப், லிப்ரெஆபிஸ், இன்க்ஸ்கேப் எல்லாம் ஆர்முக்கும் கிடைக்கின்றன. விஎஸ் கோடும் தனியாக ஆர்ம் பதிப்பு தருகிறது. ஆனால் தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் வைத்திருக்கும் டெப் கோப்புகளில் (டெபியனுக்கான இன்ஸ்டால் கோப்புகளில்) பல இன்டெல்-ஏஎம்டிக்கு மட்டும் கட்டப்பட்டவை. கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் அப்படித்தான். விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் வைனும் ஆர்மில் தனியாகப் போட்டுப் பயனில்லை. அதற்கு மேல் பாக்ஸ்64 போன்ற மொழிமாற்றி ஒன்று வேண்டும், அது எல்லோருக்கும் ஏற்ற வேலையல்ல. கையில் இருக்கும் மெஷின் எந்த வகை என்று தெரியாவிட்டால் லினக்ஸ் டெர்மினலில் 'ஆர்ச்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். எக்ஸ்86-64 என்று வந்தால் இன்டெல் அல்லது ஏஎம்டி. ஏஆர்ச்64 என்று வந்தால் ஆர்ம்.

அடுத்தது ரேம். 4 ஜிபி மெஷினில் லினக்ஸ் வசதி இயங்கும், மறுக்கவில்லை. ஆனால் பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்திருக்கும்போது கிம்பில் பெரிய படம் ஒன்றைத் திறந்தால் பின்னணியில் உள்ள டேப்கள் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து தூக்கி எறியப்படும். திரும்பப் போனால் பக்கம் மறுபடி லோட் ஆகும். பாதி நிரப்பிய படிவம் இருந்தால் போனது போனதுதான். பெரும்பாலான க்ரோம்புக்குகளில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருப்பதால் பிறகு கூட்டவும் முடியாது. ஆகவே வாங்கும்போதே 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள்.

ஸ்டோரேஜில் 32 ஜிபி மாடல்களைத் தவிருங்கள். க்ரோம்ஓஎஸ் தனக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில் லினக்ஸுக்கு 10 ஜிபி ஒதுக்கினாலே மூச்சு முட்டும். 2023 அக்டோபரில் வந்த க்ரோம்புக் ப்ளஸ் என்ற முத்திரை இங்கே நல்ல வழிகாட்டி: அது வந்தபோது சொன்ன வரையறையின்படி குறைந்தது 12-ஆம் தலைமுறை கோர் ஐ3 அல்லது ரைசன் 3 7000 வரிசை, 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ் இருந்தாக வேண்டும். முத்திரையைப் பார்த்து எடுத்தால் ரேமையும் ஸ்டோரேஜையும் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. ஆர்ம் சிப் உள்ள ப்ளஸ் மாடல்களும் பின்னால் வந்துவிட்டதால் ப்ராசஸரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி அல்லது அலுவலகம் கொடுத்த மெஷினாக இருந்தால், நிர்வாகி லினக்ஸ் வசதியைப் பூட்டிவைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திறக்க நேர்வழி நிர்வாகியைக் கேட்பது மட்டுமே.

லினக்ஸைத் திறப்பதும் மென்பொருளைப் போடுவதும்

செட்டிங்ஸில் 'லினக்ஸ்' என்று தேடினால் லினக்ஸ் டெவலப்மென்ட் என்விரான்மென்ட் என்ற வரி வரும். செட் அப் பொத்தானை அழுத்தியதும் பயனர் பெயரும் டிஸ்க் அளவும் கேட்கும். பரிந்துரைக்கப்படும் அளவு 10 ஜிபி. அதை ஏற்றுக்கொள்ளாமல் கஸ்டம் என்பதைத் தேர்ந்து 20 ஜிபி வையுங்கள். கேம் போடும் எண்ணம் இருந்தால் 40. பின்னால் செட்டிங்ஸில் இந்த அளவை மாற்றலாம் என்றாலும், இடம் நிறைந்து லினக்ஸ் திறக்கவே மறுக்கும் நிலைக்குப் போன பிறகு மாற்றுவது பெரும் தலைவலி.

டெர்மினல் திறந்ததும் முதல் வேலை 'சூடோ ஆப்ட் அப்டேட்', அடுத்து 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. இந்த இரண்டையும் தாண்டிவிட்டு நேராக மென்பொருளைப் போட முயன்றால், பொதிப் பட்டியல் பழையதாக இருப்பதால் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை வரும். பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்து, பக்கத்தில் மென்பொருளின் பெயரைக் கொடுத்தால் போதும். போட்டு முடிந்ததும் லாஞ்சரில் லினக்ஸ் ஆப்ஸ் என்ற கோப்புறையில் ஐகான் வந்துவிடும்.

டெப் கோப்பாக இறக்கியிருந்தால் ஃபைல்ஸ் ஆப்பில் அதை இரட்டைக் கிளிக் செய்து 'இன்ஸ்டால் வித் லினக்ஸ்' கொடுக்கலாம். பாதியில் நின்று காரணம் சொல்லாமல் தோல்வி என்று மட்டும் வந்தால், கோப்பை லினக்ஸ் ஃபைல்ஸ் கோப்புறைக்கு நகர்த்தி டெர்மினலிலிருந்து போடுங்கள். என்ன குறைகிறது என்பதை அங்கே தெளிவாகச் சொல்லும். ஆர்ம் மெஷினில் இன்டெல் கோப்பைப் போடப் பார்த்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

டெபியனின் பலமும் பலவீனமும் ஒன்றே: பதிப்புகளை உறையவைத்துவிடுகிறது. டெபியன் 12-இல் ஆப்ட் (மேலே சொன்ன இன்ஸ்டால் கட்டளை) வழியாக வரும் கிம்ப் 2.10 தான், கிம்ப் 3.0 2025 மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. புதிய பதிப்பு வேண்டுமானால் ஃப்ளாட்பேக் என்ற மாற்று இன்ஸ்டால் முறையைப் போட்டு, அதன் களஞ்சியமான ஃப்ளாட்ஹப்பைப் பயனர் அளவில் இணைத்து, டெர்மினல் ஐகானை வலது கிளிக் செய்து லினக்ஸை ஒரு தரம் ஷட் டவுன் செய்துவிட்டுத் திறக்க வேண்டும். இந்த ஷட் டவுனை விட்டுவிட்டால் இன்ஸ்டால் ஆன மென்பொருளின் ஐகான் லாஞ்சரில் வராது. ஃப்ளாட்பேக்கில் முதல் மென்பொருளோடு அதற்கான ரன்டைமும் சேர்ந்து இறங்கும், அதுவே ஒரு ஜிபியைத் தாண்டிவிடலாம். 10 ஜிபி போதாது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

போட்டபின் வரும் சிக்கல்கள்

எழுத்துகள் எறும்பு அளவில் தெரிவதுதான் பலருக்கும் முதல் புகார். அடர்த்தி அதிகமான திரையில் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் ஓடும் மென்பொருள்களுக்குத் திரையின் அளவு புரிவதில்லை. ஷெல்ஃபில் உள்ள ஐகானை வலது கிளிக் செய்து 'யூஸ் லோ டென்சிட்டி' கொடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால் பெரிதாகிவிடும். கொஞ்சம் மங்கலாகத் தெரியும். வரைகலை வேலைக்கு அது உறுத்தும். அப்போது மென்பொருளின் உள்ளேயே ஐகான் அளவையும் எழுத்தளவையும் கூட்டுவதுதான் நல்லது.

இரண்டாவது, கோப்புகள். லினக்ஸ் மென்பொருளின் ஓப்பன் பெட்டியில் உங்கள் டவுன்லோட்ஸ் கோப்புறை தெரியாது. ஃபைல்ஸ் ஆப்பில் அந்தக் கோப்புறையை வலது கிளிக் செய்து 'ஷேர் வித் லினக்ஸ்' கொடுத்த பிறகு, லினக்ஸ் பக்கம் எம்என்டி என்ற கோப்புறைக்குள் க்ரோம்ஓஎஸ், அதற்குள் மைஃபைல்ஸ் என்ற இடத்தில் அது கிடைக்கும். அந்த இடத்தை ஓப்பன் பெட்டியின் பக்கப்பட்டியில் புக்மார்க் செய்துவைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

ஆடாசிட்டியில் பதிவு செய்ய முயன்று தட்டையான கோடு மட்டும் வந்தால் மைக்கில் கோளாறு இல்லை. லினக்ஸுக்கு மைக் அனுமதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் லினக்ஸ் பகுதிக்குப் போய் இயக்க வேண்டும். ஆர்டுயினோ போர்டு போன்ற யூஎஸ்பி கருவிகளுக்கும் அதே பகுதியில் 'மேனேஜ் யூஎஸ்பி டிவைசஸ்' இருக்கிறது. அங்கே இயக்கியும் போர்ட்டைத் திறக்க அனுமதியில்லை என்று வந்தால், உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு லினக்ஸை மறுபடி தொடங்குங்கள்.

ஓபிஎஸ் ஸ்டூடியோ வைத்துத் திரையைப் பதிவு செய்யலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: கண்டெய்னருக்குள் இருக்கும் மென்பொருளுக்கு வெளியே உள்ள க்ரோம்ஓஎஸ் திரை கண்ணில் படாது. க்ரோம்ஓஎஸ்ஸில் உள்ளேயே இருக்கும் ஸ்க்ரீன் ரெக்கார்டரைப் பயன்படுத்துங்கள். பிளெண்டரில் மாடலிங் சின்ன அளவில் செய்யலாம், சைக்கிள்ஸ் ரெண்டரிங் ப்ராசஸரிலேயே நடக்கும். கிராபிக்ஸ் சிப் அதற்கு உதவாது. அந்த வேலைக்கு இந்த மெஷின் சரிப்படாது.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வேலை இருக்கிறது, இதைப் பெரும்பாலான விமர்சனங்கள் தொடுவதே இல்லை. புதிதாகத் திறந்த கண்டெய்னரில் தமிழ் எழுத்துரு இல்லாமல் போகலாம். அப்போது லிப்ரெஆபிஸில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் வெறும் கட்டங்கள் வரும். நோட்டோ கோர் அல்லது லோஹித் தமிழ் எழுத்துருப் பொதியை ஆப்ட் வழியாகப் போட்டதும் சரியாகிவிடும். படிப்பது இத்தோடு முடிந்தது. தட்டச்சுதான் கொஞ்சம் இழுக்கும். க்ரோம்ஓஎஸ் பக்கம் நீங்கள் அமைத்திருக்கும் தமிழ் விசைப்பலகை எக்ஸ்11 வழியாக ஓடும் லினக்ஸ் மென்பொருளில் வேலை செய்யாமல் போகலாம். அப்படியானால், கண்டெய்னருக்குள்ளேயே எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதன் எம்17என் துணைப்பொதியையும் போட்டால் தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், பழைய டைப்ரைட்டர் அமைப்பு எல்லாம் கிடைக்கின்றன. போட்டது மட்டும் போதாது. மென்பொருள்களின் ஜன்னல்களைக் கட்டும் ஜிடிகே, க்யூடி, எக்ஸ் மூன்றும் இந்த உள்ளீட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் மாறிகளை, லாஞ்சரிலிருந்து மென்பொருளைத் திறந்துவிடும் க்ராஸ்-கார்சன் சேவையின் ஓவர்ரைடு கோப்பில் எழுத வேண்டும். வழக்கமான பாஷ் கோப்பில் எழுதினால், டெர்மினலிலிருந்து திறக்கும்போது தமிழ் வரும், ஐகானைக் கிளிக் செய்து திறக்கும்போது வராது. இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்டு எழுத்துருவைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்வதில் பயனில்லை. உள்ளீட்டு மென்பொருள் தானாகத் தொடங்க, வீட்டுக் கோப்புறையில் உள்ள சொம்மெலியர் ஆர்சி கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் அமைப்பு முடிந்தது.

பேக்கப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். லினக்ஸ் ஃபைல்ஸில் இருப்பது எதுவும் தானாக கூகுள் டிரைவுக்குப் போகாது. பவர்வாஷ் (மெஷினை முழுதாக அழித்துப் புதிதாக்குவது) செய்தாலும், லினக்ஸை நீக்கினாலும் அத்தனையும் அழியும். செட்டிங்ஸில் லினக்ஸ் பகுதியிலேயே பேக்கப் பொத்தான் இருக்கிறது. முழுக் கண்டெய்னரையும் ஒரே டினி கோப்பாக எடுத்துத் தரும். அதை வெளி டிரைவில் வைத்துவிட்டால், புது க்ரோம்புக்கில் அப்படியே விரித்துக்கொள்ளலாம். ப்ராசஸர் குடும்பம் மாறினால் இது உதவாது.

விண்டோஸ் மென்பொருள்

வைன் 1993-இலிருந்து வளர்ந்துவரும் திட்டம். இன்டெல், ஏஎம்டி க்ரோம்புக்குகளில் இது நன்றாகவே ஓடுகிறது. போடும் வரிசைதான் முக்கியம்: முதலில் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பைச் சேர்க்க வேண்டும், பிறகு அப்டேட், அதன் பிறகே வைன், வைன்32, வைன்64. முதல் படியைத் தாண்டிவிட்டால், நிரலைத் திறக்கும்போது வைன்32 காணவில்லை, போட்டுக்கொள்ளவும் என்று டெர்மினலில் ஒரு செய்தி வந்து நின்றுவிடும். பழைய விண்டோஸ் நிரல்களில் பெரும்பகுதி 32 பிட் என்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை.

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ், இர்ஃபான்வியூ, 7-ஜிப் போன்ற எளிய நிரல்கள் குறையில்லாமல் ஓடும். அடோபியின் புதிய மென்பொருள்களையும் இப்போதைய மைக்ரோசாஃப்ட் ஆபிஸையும் வைனில் ஓட்டிக் காலத்தை வீணாக்காதீர்கள். ஃபோட்டோஷாப்புக்கு பிரவுசர் பதிப்பு இருக்கிறது. க்ரோம்புக்கில் ஆபிஸின் ஆண்ட்ராய்டு ஆப்களுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2021 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டு, வெப் பதிப்புக்குப் போகச் சொல்லிவிட்டது. டாங்கிள் என்ற யூஎஸ்பி சாவியை மாட்டி உரிமம் சரிபார்க்கும் நிரல்களையும் நம்பி வாங்க வேண்டாம்.

கேம்: இங்கேதான் சறுக்குகிறது

2022 மார்ச்சில் க்ரோம்ஓஎஸ்ஸுக்கு ஸ்டீம் வருகிறது என்ற அறிவிப்பு வந்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. அதற்கென்று தனி விர்ச்சுவல் மெஷின், பொரியாலிஸ் என்ற பெயரில். அதில் வல்கன் (ஓப்பன்ஜிஎல்லைவிடப் புதிய கிராபிக்ஸ் முறை) ஆதரவு முறையாக இருந்தது, ஸ்டீமோடு வரும் புரோட்டான் வழியாக விண்டோஸ் கேம்களும் ஓடின. அதே ஆண்டு நவம்பரில் பீட்டா நிலைக்கு வந்தது. அங்கேயே நின்றும் விட்டது. பீட்டா 2026 ஜனவரி 1-உடன் முடிந்தது, இன்ஸ்டால் செய்த கேம்களை அதன்பின் ஆட முடியாது என்று கூகுள் முன்பே அறிவித்திருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு லாஞ்சரில் ஸ்டீமைத் தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கும் மேல் பீட்டாவில் வைத்திருந்த வசதியை அப்படியே கைவிட்டதைச் சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை நம்பி கேமிங் க்ரோம்புக் வாங்கியவர்களுக்கு அது பெரிய இழப்பு.

மிச்சமிருக்கும் வழி, டெபியன் கண்டெய்னருக்குள் ஸ்டீமைப் போடுவது. களஞ்சியத்தில் கான்ட்ரிப், நான்-ஃப்ரீ பகுதிகளை இயக்கி, ஐ386 சேர்த்து, ஸ்டீம்-இன்ஸ்டாலர் பொதியைப் போட்டால் கிளையண்ட் திறக்கும். அதன்பின் என்ன ஓடும் என்பதை கிராபிக்ஸ் பாதைதான் தீர்மானிக்கிறது. மெசா-யூடில்ஸ் பொதியில் வரும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை பெரிய எழுத்து பி சுவிட்சுடன் (-B) ஓட்டிப் பாருங்கள். ரெண்டரர் வரியில் விர்ஜில் என்று இருந்தால் கிராபிக்ஸ் சிப் வேலை செய்கிறது. எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் எல்லாப் படத்தையும் ப்ராசஸரே வரைகிறது. அந்த நிலையில் எந்த கேமும் தேறாது. க்ரோம் ஃப்ளாக்ஸ் (சோதனை வசதிகள்) பக்கத்தில் க்ரோஸ்டினி ஜிபியூ சப்போர்ட் என்பதை இயக்கி, மெஷினை ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள்.

விர்ஜில் தருவது ஓப்பன்ஜிஎல். விண்டோஸ் கேம்களை ஓட்டும் புரோட்டானோ, டைரக்ட்எக்ஸை (விண்டோஸின் கிராபிக்ஸ் முறை) வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே மூலம் வல்கனைத்தான் கேட்கிறது, டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். கண்டெய்னருக்குள் முறையான வல்கன் இல்லாதபோது கேம் திறந்து உடனே மூடும், இல்லையென்றால் கறுப்புத் திரையில் நிற்கும். ஸ்டீமில் அந்த கேமின் லாஞ்ச் ஆப்ஷன் கட்டத்தில், டைரக்ட்எக்ஸை ஓப்பன்ஜிஎல்லாக மாற்றும் வைன்டி3டியைப் பயன்படுத்தச் சொல்லும் புரோட்டான் மாறியை 1 என்று வைத்தால் ஓப்பன்ஜிஎல் வழியாக ஓட முயலும். பழைய டைரக்ட்எக்ஸ் 9 கேம்களுக்கு இது பலமுறை கைகொடுக்கும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களுக்கு இதில் வழியே இல்லை.

ஆகவே லினக்ஸுக்கென்றே பதிப்பு உள்ள, கனமில்லாத கேம்களைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டார்டியூ வேலி, டெரேரியா, எஃப்டிஎல் போன்ற இருபரிமாண கேம்கள் ஏற்றவை. டெபியன் களஞ்சியத்திலேயே ஓப்பன்டிடிடி, வெஸ்னாத், சூப்பர்டக்ஸ்கார்ட் எல்லாம் இலவசமாக இருக்கின்றன. பழைய டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸும், அந்தக் காலத்துச் சாகசக் கதை கேம்களுக்கு ஸ்கம்வீஎம்மும் அருமையாக ஓடும். இந்த இரண்டுக்கும் ஆர்ம் மெஷினே போதும்.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு பலரும் கேட்பது. ஓடும். ரெண்டர் டிஸ்டன்ஸை 8-க்குக் கீழே வைத்து, கிராபிக்ஸை ஃபாஸ்ட் ஆக்கி, லாஞ்சரில் ஜாவாவுக்கு 2 ஜிபி ஒதுக்குங்கள். 8 ஜிபி மெஷினில் அதற்கு மேல் கொடுத்தால் க்ரோம் பக்கம் திணறும். தனி லாஞ்சர் வைத்து ஜாவாவை நீங்களே போடுவதானால் ஒன்று கவனிக்க வேண்டும்: மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21 வேண்டும், டெபியன் 12-இல் இயல்பாக இருப்பது 17. கேம் திறந்ததும் மூடிக்கொள்கிறது என்ற புகாருக்கு இது முக்கியமான காரணம். பார்வையைத் திருப்பும்போது மவுஸ் கட்டுக்கடங்காமல் சுற்றினால், ஃப்ளாக்ஸ் பக்கத்தில் பாயின்டர் லாக் தொடர்பான ஃப்ளாக் இருக்கிறதா என்று தேடி இயக்கிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் இந்த வம்பெல்லாம் வேண்டாம். ப்ளே ஸ்டோரில் உள்ள பெட்ராக் பதிப்பு போதும்.

வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் எந்த வகையிலும் ஓடாது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் வாலரன்டின் நிரல் விண்டோஸை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. ஃபோர்ட்நைட்டில் அந்த நிரலின் லினக்ஸ் ஆதரவை எபிக் நிறுவனம் இயக்கவில்லை. ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லும் வீடியோக்களில் இருப்பது பெரும்பாலும் கிளவுட் கேமிங்தான்.

கேம் தொலைவில் உள்ள சர்வரில் ஓடி, படம் மட்டும் உங்களுக்கு வரும் அந்தக் கிளவுட் கேமிங்தான் க்ரோம்புக்கின் உண்மையான கேம் வழி. ஜீஃபோர்ஸ் நவ், எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இரண்டும் பிரவுசரிலேயே ஓடுகின்றன, ஆர்ம் மெஷினும் 4 ஜிபி ரேமும்கூட போதும். ஜீஃபோர்ஸ் நவ் 720பி, 60 ஃப்ரேமுக்கு 15 எம்பிபிஎஸ் வேகமும், 1080பி, 60 ஃப்ரேமுக்கு 25 எம்பிபிஎஸ் வேகமும் கேட்கிறது. வேகத்தைவிட முக்கியம் தாமதம் சீராக இருப்பது. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாறுங்கள். முடிந்தால் யூஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டர் மாட்டுங்கள். கேம்பேடும் இங்கே சிக்கலில்லாமல் வேலை செய்யும். லினக்ஸ் கண்டெய்னருக்குள் கேம்பேடை நம்பி இறங்க வேண்டாம்.

பழைய லேப்டாப்பில் க்ரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏறாத நல்ல லேப்டாப்கள் நிறைய ஓரங்கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு 2022 ஜூலையில் பொதுவெளியீடு கண்ட ஃப்ளெக்ஸ், அதாவது சாதாரண லேப்டாப்பில் போட்டுக்கொள்ளும் க்ரோம்ஓஎஸ் பதிப்பு, ஒரு வழி. 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ், யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் வசதி இருந்தால் போதும். 8 ஜிபி பென்டிரைவில் க்ரோம்புக் ரெகவரி யூடிலிட்டி கொண்டு எழுதி, இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட், தூக்கநிலையிலிருந்து எழுவது நான்கையும் சோதியுங்கள். இன்ஸ்டால் கொடுத்தால் டிஸ்கில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும். விண்டோஸோடு இரட்டை பூட் கிடையாது.

ஃப்ளெக்ஸில் ப்ளே ஸ்டோர் இல்லை. இதைத் தெரியாமல் போட்டுவிட்டு ஆண்ட்ராய்டு ஆப்களைத் தேட வேண்டாம். லினக்ஸ் வசதி மாடலைப் பொறுத்தது. செட்டிங்ஸில் அந்த வரி இருந்தும் தொடங்க மறுத்தால், பயாஸில் விர்ச்சுவல் மெஷினுக்கான ப்ராசஸர் வசதி (இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி எஸ்விஎம்) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசர் வேலைக்கு ஃப்ளெக்ஸ் மிக நன்று. மென்பொருளும் கேமும் வேண்டுமென்றால் பழைய லேப்டாப்பில் ஃப்ளெக்ஸ் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரடி லினக்ஸே போடக்கூடிய இடத்தில் எதற்கு இடையில் ஒரு விர்ச்சுவல் மெஷின்?

நேரடியாக லினக்ஸ் போட்டால்

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் லுபுன்டுவும் இந்த வேலைக்கு ஏற்றவை. மின்ட் 22 குறைந்தபட்சமாகக் கேட்பது 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க். வசதியாக ஓட 4 ஜிபி ரேமும் 100 ஜிபி டிஸ்கும் வேண்டும். புதியவர்களுக்கு மின்ட், ரேம் மிகக் குறைந்த மெஷினுக்கு லுபுன்டு என்று வைத்துக்கொள்ளலாம். மென்பொருள் பக்கம் க்ரோம்ஓஎஸ் கண்டெய்னரில் பட்ட கஷ்டங்களில் பாதி இங்கே இல்லவே இல்லை: மைக், யூஎஸ்பி, கோப்புறை எதற்கும் தனி அனுமதி வேண்டாம், ஓபிஎஸ் திரையைப் பிடிக்கும், தமிழ் உள்ளீட்டை அமைப்பின் மொழிப் பகுதியிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

கேமில் வித்தியாசம் இன்னும் பெரிது. வல்கன் டிரைவர் நேரடியாக கிராபிக்ஸ் சிப்போடு பேசுவதால் ஸ்டீமும் புரோட்டானும் இருக்க வேண்டியபடி இருக்கின்றன. இன்டெல் 6-ஆம் தலைமுறை ஸ்கைலேக் முதல் டிஎக்ஸ்விகே நிம்மதியாக ஓடும். 4-ஆம் தலைமுறை ஹாஸ்வெல்லில் வல்கன் ஆதரவு அரைகுறை. அங்கே மேலே சொன்ன வைன்டி3டி வழிதான். உள்ளமைந்த கிராபிக்ஸ் ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது என்பதால், ஒரே ரேம் குச்சி மாட்டியிருக்கும் லேப்டாப்பில் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைச் சேனல் ஆக்குங்கள். 8 ஜிபி ஒற்றைக் குச்சியை விட இரண்டு 4 ஜிபி குச்சிகள் கேமில் நன்றாக ஓடும். கேமை வாங்குமுன் புரோட்டான்டிபி தளத்தில் அதன் பெயரைத் தேடி, உங்களுடையதைப் போன்ற கிராபிக்ஸ் சிப் வைத்திருப்பவர்கள் எழுதிய அண்மைப் பதிவுகளைப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணில் வலிமையான டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களின் அனுபவமும் கலந்திருக்கும்.

க்ரோம்புக்கிலேயே ஃபர்ம்வேரை மாற்றி முழு லினக்ஸ் போடும் வழியும் உண்டு. ஃபர்ம்வேரை யாரும் மாற்றாமல் காக்கும் எழுதுதடையை நீக்க, மாடலைப் பொறுத்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், அல்லது பேட்டரி இணைப்பைப் பிரிக்க வேண்டும், அல்லது தனிப்பட்ட டீபக் கேபிள் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் ஸ்பீக்கரில் ஒலி வராமல் போவது சகஜம். டெவலப்பர் மோடுக்கு மாறும் கணத்திலேயே உள்ளே இருப்பதெல்லாம் அழியும். ஆதரவுக் காலம் முடிந்து, எடுத்தெறியும் நிலையில் இருக்கும் மெஷினுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

பழைய க்ரோம்புக் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், செட்டிங்ஸில் அபவுட் க்ரோம்ஓஎஸ் பகுதியில் அப்டேட் எந்த மாதம் வரை வரும் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிடுங்கள். 2021 முதல் வெளியான தளங்களுக்கு (பல மாடல்களுக்குப் பொதுவான அடிப்படை வன்பொருளுக்கு) பத்தாண்டு அப்டேட் தானாகவே கிடைக்கும் என்று கூகுள் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அதற்கு முந்தியவற்றில் சிலவற்றுக்கு செட்டிங்ஸில் ஒப்புதல் கொடுத்தால்தான் நீட்டிப்பு. அந்தப் பத்தாண்டு தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.